எதையும் நினைக்காமல் அரை மணி

"எதையும் நினைக்காம அரை மணி நேரம் உக்காருங்க சார்"னு சொல்லிட்டு அந்த நர்ஸ் பொண்ணு உள்ள போயிடுச்சு. எதையும் நினைக்காம! அடி அம்மா, அந்த வித்தை தெரிஞ்சிருந்தா நான் ஏன் நாகப்பட்டினத்துலேருந்து ரயிலேறி, எழும்பூர்ல இந்த மூணாவது மாடி கிளினிக்குல ஃபேனுக்கடியில உக்காந்திருக்கப் போறேன்? நூத்தி அறுவத்தெட்டு, கீழ நூத்தி ரெண்டு. கையில பட்டையைச் சுத்தி அது அமுக்க ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, காதுக்குள்ள திடும் திடும்னு அடிக்குது. "என்ன சார், ஓடி வந்தீங்களா?"ங்குது. ஓடியா? லிஃப்ட்ல வந்தேன்மா. தொண்ணூறடி ஏணியில ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி எறங்கினவன், படி ஏறினா பிரஷர் ஏறிடுமோன்னு பயந்துக்கிட்டு லிஃப்ட்ல வந்திருக்கேன். காபிகூட குடிக்கல. மேல நூத்தி நாப்பது, கீழ தொண்ணூறு, அதுக்குள்ள இருந்தாத்தான் ஃபிட்டு. ரெண்டாந்தடவையும் எறங்கலன்னா அன்ஃபிட்டுன்னு எழுதிடுவாராம், ஒரு மணிக்கு டாக்டர் கிளம்பிடுவாராம். இப்ப பன்னெண்டு அஞ்சு. மூணு வருஷம் காத்திருந்தது இந்த அரை மணிக்கா? சரி, சரி, அதை நினைக்காதே வைரக்கண்ணு. நினைச்சா ஏறும். ஏறும்னு நினைச்சாலும் ஏறும். சனியன், இது என்ன விளையாட்டு. எதிர்ல ஒரு பெரியவர் கையில மூத்திர பாட்டிலை வச்சுக்கிட்டு அதையே உத்துப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு ஒரு கவலையும் இல்ல, நிரப்பினாப் போதும்.

கடலை நினைக்கலாம். நல்லதா எதையாவது நினைச்சா எறங்கும்னு என் சம்சாரம் கோமளவல்லி சொல்லி அனுப்பிச்சா. காக்கிநாடாவுலேருந்து ஹெலிகாப்டர்ல முப்பது நிமிஷம், தண்ணிக்குள்ள மூணு காலை ஊணிக்கிட்டு நிக்கிற எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக். அதுக்கு நடுவுல இரும்புக் கோபுரம். அதுல தொண்ணூறடி உசரத்துல ஒரு பலகை. மங்கி போர்டுன்னு பேரு, குரங்கு நிக்கிற பலகையாம், எந்த வெள்ளைக்காரன் பேரு வச்சானோ. அங்க நின்ன குரங்கு நான்தான், பதினோரு வருஷம். கிணத்துலேருந்து குழாயை உருவும்போது அதோட தலை என் நெஞ்சுக்கு நேரா வரும். கயித்தைப் போட்டு இழுத்து, சீப்புப் பல்லு மாதிரி இருக்கிற சட்டத்துக்குள்ள தள்ளி நிறுத்தணும். ஒண்ணு போனா அடுத்தது. நூத்தம்பது குழாய் இருக்கும் ஒரு தடவை உருவினா. இடுப்புல பெல்ட்டு, கால் நுனி பலகையில, உடம்பு பாதி வெறும் காத்துல. பயமான்னு எல்லாரும் கேப்பாங்க. பயந்தவன் மேல நிக்க முடியாது, பயப்படாதவனும் நிக்கக் கூடாது. விடியக்காலம் ஷிப்டு மாறுறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி கிடைக்கும், குழாய் வராது. கடல் சாம்பலா இருக்கும், அப்புறம் ஈயப் பாத்திரத்தைத் தேச்சு வச்ச மாதிரி ஒரு வெளுப்பு, அப்புறம் ஒரு ஓரத்துல மட்டும் சிவப்பு ஏறும். கீழ கிச்சன்லேருந்து சப்பாத்தி சுடுற வாசனை டீசலோட கலந்து மேல வரும். உலகத்துலயே அந்த நேரத்துல அவ்வளவு உசரத்துல டீசலும் சப்பாத்தியும் சேத்து மோந்தவன் நான் ஒருத்தன்தான்னு நினைச்சுக்குவேன். தப்பு. இன்னொருத்தன் இருந்தான். இருபத்தெட்டு நாள் நான், இருபத்தெட்டு நாள் அவன். ஐயோ, அவன்கிட்ட போகாதே. நல்லதா நினைன்னு சொன்னா இங்க வந்து நிக்குது பாரு.

ஜெரோம். தூத்துக்குடிக்காரன். ரிக்ல ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு, ஒருத்தன் கடல்ல இருந்தா ஒருத்தன் வீட்டுல. எனக்கு ரிலீவர் அவன், அவனுக்கு ரிலீவர் நான். ஒரே பலகை, ஒரே பெல்ட்டு, ஒரே லாக்கர், ஒரே கட்டில். ஆனா ரெண்டு பேரும் ஒரு வேளைச் சோறு சேந்து தின்னதில்ல. அவன் வந்து எறங்குற ஹெலிகாப்டர்லதான் நான் ஏறிப் போவேன். றெக்கை சுத்திக்கிட்டே இருக்கும், காது கிழியும். குனிஞ்சுக்கிட்டே எதிரெதிரா வருவோம், அவன் காதைப் பிடிச்சு இழுத்து வச்சுக்கிட்டு நான் கத்துவேன்: இடது பக்கம் மூணாவது பல்லு வளைஞ்சிருக்கு, பெல்ட்டுக் கொக்கி புதுசு, புது டிரில்லரு கோவக்காரன், எதுத்துப் பேசாத. அவன் தலையை ஆட்டுவான், முதுகுல ஒரு அறை விடுவான், அவ்வளவுதான். பதினோரு வருஷத்துல அதையெல்லாம் ஒண்ணாச் சேத்தா மூணு மணி நேரம் தேறாது. ஆனா அந்தத் தலையணையில அவன் தலை அமுங்கின பள்ளம் எனக்குத் தெரியும். அவன் தேங்காயெண்ணெய் வாசனை தெரியும். மேல் கட்டிலோட அடிப்பலகையில பேனாவால மாதாவே மாதாவேன்னு எழுதியிருப்பான், எந்த ட்ரிப்புல எழுத்து அழுத்தமா இருக்கோ அந்த ட்ரிப்புல வீட்டுல ஏதோ சரியில்லன்னு புரிஞ்சுக்குவேன். லாக்கர்ல எனக்குன்னு மக்ரூன் டப்பா வச்சிட்டுப் போவான். நான் கோமளவல்லி பிடிச்சுக் கொடுத்த பொருள்விளங்கா உருண்டையை வச்சிட்டு வருவேன், மாசக் கணக்குல கெடாதுல்ல. ஒரு தடவை சீட்டு எழுதி வச்சிருந்தான்: 'அண்ணே, மதினி உருண்டையை உடைக்க பெரிய சுத்தியல் எடுத்தேன், சேஃப்டி ஆபீசர் பெர்மிட் கேக்கிறான்.' தனியா உக்காந்து சிரிச்சேன். கூட வேலை செஞ்ச எம்பது பேர்ல பாதிப் பேர் முகம் மறந்துபோச்சு. கூட இல்லாதவனைத்தான் இவ்வளவு தெரியுது, என்ன பொழப்போ.

வீட்டுலயும் இருபத்தெட்டு நாள் கணக்குதான். எங்க கல்யாணமே அந்த அளவுக்கு வெட்டித் தச்ச சட்டை. முதல் வாரம் மாப்பிள்ளை விருந்து, ரெண்டாவது வாரம் சாதாரணம், மூணாவது வாரம் கோமளவல்லி முணுமுணுப்பா, நாலாவது வாரம் சண்டை ஆரம்பிக்கும். ஆரம்பிச்சு சூடு பிடிக்கிறதுக்குள்ள நான் பெட்டி கட்டிடுவேன். வாசல்ல நின்னு கண்ணைத் துடைச்சுக்குவா, சண்டை எங்க போச்சுன்னே தெரியாது. வேலை போன பிறகு வந்த முதல் மாசம், இருபத்தொம்பதாவது நாள் காலையில ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம் பாருங்க, அது மாதிரி ஒரு திகைப்பை நான் பாத்ததில்ல. சண்டையை என்ன பண்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. முடிக்கத் தெரியாது, முடிச்சுப் பழக்கமே இல்ல. அன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா, பையில நாலு சட்டையை எடுத்து வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்தேன். "வாங்க"ன்னா. ஒண்ணும் கேக்கல. ராத்திரிக்கு வறுவல் வச்சா. அப்புறம் ஒரு வருஷம் அப்படித்தான், இருபத்தெட்டுக்கு ஒரு தடவை பையை எடுத்துக்கிட்டு டீ குடிக்கப் போவேன். யார்கிட்ட சொன்னாலும் சிரிப்பாங்க. மணி பன்னெண்டு பதினஞ்சு. இப்ப கொஞ்சம் எறங்கியிருக்குமோ? கட்டைவிரலை மணிக்கட்டுல வச்சுப் பாத்தேன். ம்ஹூம். கழுதை, ஓடுது.

எண்ணெய் விலை விழுந்துச்சாம், ரிக்கை இழுத்துக்கிட்டுப் போய் எங்கயோ கரையோரம் கட்டிட்டாங்களாம், நாப்பத்தி மூணு பேரு தேவையில்லையாம். மெயில்ல வந்துச்சு. கடைசி வரி மட்டும்தான் எல்லாருக்கும் மனப்பாடம்: நிலைமை சீரானதும் உங்களை முதலில் தொடர்பு கொள்வோம். அந்த வரியை எழுதாம விட்டிருக்கலாம் அந்தப் புண்ணியவான். வேலை செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா அழுதுட்டு எழுந்திருப்போம், காணாமப் போச்சுன்னு சொல்லிட்டாங்களே. நான் தினமும் முகத்தை மழிச்சுக்கிட்டேன், தாடி இருந்தா விஷவாயு மாஸ்க்கு முகத்துல ஒட்டாதுன்னு. மூணு வருஷமா எங்க வீட்டுக் கொல்லையில எந்த விஷவாயு வரப்போகுது? எந்த வேலைக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிடுவேன், கம்பெனியில கூப்பிட்டா போயிடுவேங்கன்னு. பெரிய நாணயஸ்தன்! செல்போன் டவர்ல பெயிண்ட் அடிச்சேன், நாலு மாசம். குடிநீர் லாரி, ஆறு மாசம். அப்புறம் துரைமாணிக்கம் ரைஸ் மில்லு, பாய்லர் பாக்குற வேலை. நல்ல மனுஷன். சூப்பர்வைசராப் போடுறேன், நிரந்தரமா இருன்னு நாலு தடவை கேட்டாரு. நாலு தடவையும் பாக்கலாங்கன்னேன். கடைசியில அவருக்கே கோவம் வந்துடுச்சு: "ஏம்ப்பா வைரக்கண்ணு, நீ என் மில்லுக்கு வேலைக்கு வந்தியா, வெயிட்டிங் ரூமுன்னு வந்து உக்காந்திருக்கியா?" நறுக்குன்னு இருந்துச்சு. ஆனா போன செவ்வாக்கிழமை கம்பெனி ஏஜென்ட் சந்தானகிருஷ்ணன் போன் பண்ணி "ஒரே ஒரு டெரிக்மேன் இடம், அதான் உங்க மங்கி போர்டு வேலை, ஆறு மாசக் காண்ட்ராக்ட்டு, வர்றீங்களா?"ன்னு கேட்டப்ப, பாய்லருக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே வர்றேன்னு கத்தினேன். அன்னைக்கே மில்லுல சொல்லிட்டேன். துரைமாணிக்கம் ஒண்ணுதான் சொன்னாரு: "சந்தோஷமாப் போ. திரும்பி வந்தா இடம் இருக்காது, கோச்சுக்காத." அது போச்சு. இது வரணும். இது வரலன்னா ஒண்ணும் இல்ல, நாப்பத்தேழு வயசுல மறுபடி எவன்கிட்டயாவது போய் பேரு சொல்லணும்.

அதுகூட இல்ல. அதுக்கு இப்படி அடிக்காது. எனக்குத் தெரியும் எது அடிக்குதுன்னு. புதன்கிழமை ஜெரோம் போன் பண்ணினான். மாசத்துக்கு ஒரு தடவை பண்ணுவான். வேலை போன பிறகு முதல் தடவை அவன் குரலை போன்ல கேட்டப்ப யாரோன்னு நினைச்சேன், பதினோரு வருஷமா கத்தித்தானே கேட்டிருக்கேன், இவ்வளவு மெல்லிசாப் பேசுவானான்னு இருந்துச்சு. வழக்கமாக் கேக்கிறதைத்தான் புதன்கிழமையும் கேட்டான்: "ஏதாச்சும் தகவல் உண்டாண்ணே?" நாங்க நாப்பத்தி மூணு பேரும் சத்தியம் மாதிரி ஒண்ணு பேசி வச்சிருந்தோம், எவனைக் கூப்பிட்டாலும் அன்னைக்கே வாட்ஸப் குரூப்புல போடணும், மறைக்கக் கூடாதுன்னு. என் வாய் என்ன சொல்லுச்சு? "ஒண்ணும் இல்லப்பா." ஏன் சொன்னேன்? 'மெடிக்கல்ல ஃபெயிலாயிட்டா லிஸ்ட்டுல அடுத்த ஆளு'ன்னு ஏஜென்ட் சொல்லியிருந்தான், அடுத்த ஆளு ஜெரோமாத்தான் இருக்கணும், அவனும் டெரிக்மேன், எனக்கு ஒரு நாள் கழிச்சு சேந்தவன். அவனுக்குத் தெரிஞ்சா எனக்கு முன்னாடி ஓடிப்போய் ஏஜென்ட்டைப் பிடிச்சிடுவானோன்னு ஒரு நொடி தோணுச்சு. ஒரே நொடி. யாரு? எனக்கு மக்ரூன் வச்சவன். என் பெல்ட்டுக் கொக்கியை ஒவ்வொரு தடவையும் எண்ணெய் போட்டு வச்சிட்டுப் போனவன், அந்தக் கொக்கியை நம்பி நான் தொண்ணூறடியில சாஞ்சு நின்னேன், பதினோரு வருஷம் ஒரு தடவைகூட இழுத்துப் பாத்ததில்ல. அவனைப் போய் சந்தேகப்பட்டுட்டேனே. "சரிண்ணே"ன்னு வச்சிட்டான். அந்தச் சரிண்ணேதான் இங்க கெடந்து அடிக்குது. பன்னெண்டு இருபத்தஞ்சு. பத்து நிமிஷம் இருக்கு. நினைக்காதே. வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம். கிடைச்சதும் எந்த மூஞ்சியோட சொல்றது? கிடைக்கலன்னா சொல்லவே வேண்டாம், அவனுக்குப் போகும், அவனே சொல்லுவான், நான் அப்படியான்னு ஆச்சரியப்படணும். த்தூ. பாட்டில்காரப் பெரியவர் நிமிந்து பாக்கிறாரு, சத்தமா துப்பிட்டேன் போலருக்கு. போன்ல பேசக் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கு. எழுதியிருக்கட்டும்.

வராண்டாவுல படிக்கட்டுப் பக்கம் போய் நின்னுக்கிட்டுப் போட்டேன். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டான். "ஜெரோமு, நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்டா. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. மெடிக்கலுக்கு வந்திருக்கேன்"னு ஒரே மூச்சுல கொட்டினேன். அவன் சொன்னான்: "தெரியும்ணே." எப்படித் தெரியும்? "என்னத்தாம்ணே மொதல்ல கூப்பிட்டாக. போன வெள்ளிக்கிழமை. திங்கக்கிழமை மெடிக்கலு. சுகரு முந்நூத்திப் பத்து, அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாரு டாக்டரு. நாந்தான் ஏஜென்ட்டுட்ட உங்க நம்பரக் குடுத்து, அண்ணனக் கூப்பிடுங்கன்னு சொன்னேன்." நான் கேட்டேன்: "அப்ப ஏன்டா புதன்கிழமை கேட்ட?" "கூப்பிட்டாகளா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான். நீங்க ஒண்ணும் இல்லைன்னிய. சொன்ன வேகத்துலயே கூப்பிட்டுட்டாகன்னு தெரிஞ்சுபோச்சு. வச்சுட்டேன்." அப்புறம் அவன் குரல் இன்னும் மெல்லிசாச்சு. "குரூப்புல நானும்தான் போடல. ஆனா கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாண்ணே. நான் என்ன உங்க சோத்துல கைய வைக்கப் போறேனா." அவன்கிட்டேருந்து ஒளிச்சு வச்சேன், ஒளிச்சதே அவன் கொடுத்தது. மன்னிச்சுக்கடான்னு சொன்னேன், சொன்னது கேட்டுச்சோ என்னவோ. "விடுங்க. எனக்கும் நல்லதாப் போச்சு. மூணு வருசமா போன நெஞ்சு மேல வச்சுத்தான் படுப்பேன். இப்ப அடுப்பாங்கரையில போட்டுட்டுப் படுக்கேன். திங்கக்கிழமையிலருந்து என்ன ஒறக்கம் ஒறங்குதேன் தெரியுமா. எங்கூட்டுக்காரி பயந்துபோயி தட்டி எழுப்புதா." சிரிச்சான். நானும் சிரிக்கணும்னு நினைச்சேன். "மேல ஏறி நின்னதும், விடியக்காலம், அங்கருந்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு..." ன்னு ஆரம்பிச்சவன் நிறுத்திட்டான். "அனுப்புறேன்டா"ன்னேன். "வேண்டாம்ணே. அனுப்பாதீக. மறுபடி ஆச வந்துரும்"னு சொல்லி வச்சிட்டான்.

"சார், எங்க போயிட்டீங்க, வாங்க"ன்னு அந்தப் பொண்ணு வந்து கூட்டிட்டுப் போச்சு. கையை நீட்டினேன். பட்டை இறுகுச்சு, விட்டுச்சு. இந்தத் தடவை காதுல ஒண்ணும் கேக்கல. நூத்தி முப்பத்திரெண்டு, எம்பத்தாறு. "ஓகே சார், ஃபிட்டு"ன்னுச்சு. மூணு வருஷமா இந்த ஒரு சொல்லுக்குத்தான் கெடந்தேன். ஃபிட்டு. நாளைக்கு ரயிலு, நாளான்னைக்குக் கடலு, இருபத்தெட்டு நாள் கழிச்சு என் கட்டில்ல எவனோ முகம் தெரியாதவன் வந்து படுப்பான். ஆறு மாசம். அப்புறம் நிலைமை சீரானதும் கூப்பிடுறோம்னு ஒரு மெயில் வரும், நான் மறுபடி தினமும் முகத்தை மழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், எனக்கு என்னைத் தெரியாதா. தூத்துக்குடியில ஒருத்தன் போனை அடுப்பாங்கரையில போட்டுட்டு மத்தியானச் சோறு தின்னுட்டு நிம்மதியாத் தூங்கப் போறான். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வேலை கிடைச்ச எனக்கு அவன் மேல பொறாமையா இருந்துச்சு. "ஏன் சார் அழுவுறீங்க, அதான் கிடைச்சிடுச்சே"ன்னு அந்தப் பொண்ணு பதறுது. ஆமாம்மா, கிடைச்சிடுச்சு, எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டேன்.